பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களை இரண்டு முறை பார்க்கும் வழி: புதியவர்களுக்கான செய்முறை

1930களிலும் 1940களிலும் ஹாலிவுட்டில் வந்த காதல் நகைச்சுவைப் படங்களைப் பார்க்க ஆசையோடு உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். படம் பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் அவர்கள் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம். அந்தக் காலத்து நடிகர்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் அந்த வேகத்தில் காது பிடிபட நாளாகும் என்பதால், நம் கண்கள் திரையின் அடியில் ஓடும் சப்டைட்டிலிலேயே நின்றுவிடுகின்றன. காதலோ அந்த எழுத்துகளுக்கு மேலே, ஒரு கையிலும் ஒரு போர்வையிலும் ஒரு கண்ணாடியிலும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பாருங்கள்: முதல் முறை கதைக்காகவும் பேச்சுக்காகவும், இரண்டாம் முறை கண்ணுக்காகவும். அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு படத்தோடு தொடங்குங்கள்

பத்துப் படங்களின் பட்டியலோடு தொடங்க வேண்டாம். ஃபிராங்க் காப்ரா இயக்கி 1934இல் வெளிவந்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' ஒன்றே முதலில் போதும். இதன் கதை நமக்கு ஏற்கெனவே பழக்கமானது. ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த 'சோரி சோரி' (1956), ஆமிர் கான் நடித்த 'தில் ஹை கே மான்தா நஹி' (1991), அதைத் தமிழில் எடுத்த 'காதல் ரோஜாவே' (2000) ஆகிய மூன்றுக்கும் மூலம் இந்தப் படம்தான். தந்தையின் பிடியிலிருந்து தப்பி ஓடும் பணக்காரப் பெண்ணும் வேலை இழந்த பத்திரிகையாளன் ஒருவனும் மயாமியிலிருந்து நியூயார்க் செல்லும் பேருந்தில் அருகருகே உட்கார நேர்கிறது என்று ஒரே வரியில் கதையைச் சொல்லிவிடலாம். கதை புரியுமோ என்ற கவலை இல்லாமல் பார்க்கலாம் என்பதால், புதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை.

சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேர வென்ற முதல் படமும் இதுவே. கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பேரும் விருது பெற்றார்கள். நகைச்சுவைப் படங்களுக்கு விருது எளிதில் போய்ச் சேர்வதில்லை என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

படி 2: தொலைக்காட்சியைச் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் படத்தைத் தொடங்கவே கூடாது. அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறத்தாழ சதுரமானது. உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37 மட்டுமே. இன்றைய அகலத்திரைத் தொலைக்காட்சியில் இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டைகள் வருவதுதான் சரி. சில தொலைக்காட்சிகள் அந்தப் பட்டைகளைக் குறையாக எண்ணி, படத்தை இழுத்து நிரப்பிவிடும். அப்போது முகங்கள் பூசணிக்காயாகப் பருத்துத் தெரியும். இன்னும் சில, படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிடும். அதில் போவது பெரும்பாலும் நடிகர்களின் கைகள். ஆகவே படத்தின் அளவைத் தீர்மானிக்கும் அமைப்பில் 'ஒரிஜினல்' என்றோ '4:3' என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, 'மோஷன்' என்ற சொல் இடம்பெறும் அமைப்பு எதுவாக இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படத்துக்கு நடுவே இல்லாத சட்டங்களைச் செருகி, வழுக்கிக்கொண்டு ஓடும் ஓர் ஓட்டத்தை அது உண்டாக்கிவிடும்.

பிரதியையும் கவனிக்க வேண்டும். 'மை மேன் காட்ஃப்ரே' (1936), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) போன்ற படங்கள் அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையாகிவிட்டதால், மங்கிப்போன பிரதிகள் இணையத்தில் இறைந்து கிடக்கின்றன. நான் முதன்முதலில் 'மை மேன் காட்ஃப்ரே' பார்த்தது அப்படியொரு குறுந்தகட்டில்தான். ஒலி கரகரத்தது, நாயகியின் முகம் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது, சப்டைட்டில் நான்கு நொடி பிந்தி வந்தது. பிறகு செப்பனிடப்பட்ட பிரதியில் அதே படத்தைப் பார்த்தபோது, கேரல் லம்பார்டின் உடையில் ஒளி பட்டுச் சிதறுவதைக் கண்டு நெடுநேரம் எழுந்திருக்க மனமில்லாமல் அமர்ந்திருந்தேன்.

படி 3: முதல் முறை, பேச்சைப் பின்தொடருங்கள்

சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம். புரியாத நகைச்சுவையை விட்டுவிட்டு மேலே செல்லுங்கள். மொத்தம் 105 நிமிடப் படம்தான். ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. இந்தப் படத்தில் பணம் வரும் இடமெல்லாம் வேடிக்கையாக எழுதப்பட்டிருந்தாலும், அன்றைய பார்வையாளர் அதைத் தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தபடியேதான் ரசித்திருப்பார். பேருந்தில் எல்லோரும் சேர்ந்து பாடிக் களித்த சிறிது நேரத்திலேயே, பசியால் ஒரு தாய் மயங்கி விழ, அவள் சிறுமகன் அழுகிறான். அந்த ஒரு நிமிடத்தை அறிந்துகொண்டால்தான், சாக்லேட் பெட்டி வாங்கப்போன நாயகியை நாயகன் ஏன் அவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கிறான் என்பது விளங்கும்.

படி 4: இரண்டாம் முறைக்கு முன் தணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹாலிவுட் நிறுவனங்கள் 1930இல் தங்களுக்கென்று ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. 'ஹேஸ் கோட்' என்று அதைச் சொல்வார்கள். நான்கு ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜோசப் பிரீன் என்பவர் பொறுப்பேற்றதும் நிலைமை மாறியது. அவரது அலுவலகத்தின் சான்றிதழ் இல்லாமல் படம் வெளியிட்டால் நிறுவனத்துக்கு 25,000 டாலர் அபராதம் என்று ஆனது. எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932இல் எடுத்த 'டிரபிள் இன் பாரடைஸ்' படத்தை மீண்டும் திரையிடவும் அனுமதி கிடைக்கவில்லை. அந்த விதிகள் 1968 வரை பெயரளவிலாவது நீடித்தன.

திரையில் காட்ட முடியாததைப் பேச்சிலும் பொருளிலும் ஒளித்து வைக்க வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது. தணிக்கையை நான் புகழவில்லை. அது பல நல்ல கதைகளை முடமாக்கியது. ஆயினும் அந்த நெருக்கடிக்குள் வேலை செய்த எழுத்தாளர்களும் இயக்குநர்களும் ஒரு தனி மொழியை உருவாக்கினார்கள். இரண்டாம் முறை நாம் படிக்கப் போவது அந்த மொழியைத்தான். நம் முதல் படம் அந்தக் கெடுபிடிக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது என்றாலும், அதன் சாயல் அதிலும் உண்டு.

படி 5: இரண்டாம் முறை, ஒரு பொருளைப் பின்தொடருங்கள்

ஒரு வாரம் இடைவெளி விட்டு, சப்டைட்டிலை அணைத்துவிட்டு அதே படத்தைப் பாருங்கள். கதை தெரிந்திருப்பதால் பேச்சு பாதி புரிந்தாலே போதும். இப்போது ஒரு போர்வையை மட்டும் கவனியுங்கள்.

மழையால் பேருந்து நின்றுவிட, வழியோர விடுதியில் இருவரும் ஒரே அறையில் தங்க நேர்கிறது. நாயகன் பீட்டர் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டி, அதன் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு 'எரிகோவின் சுவர்கள்' என்று பெயர் வைக்கிறான். விவிலியத்தில் எக்காளம் ஊதியதும் இடிந்து விழுந்த கோட்டைச் சுவர் அது. தன்னிடம் எக்காளம் இல்லை என்றும் சொல்லிக்கொள்கிறான். விளக்கு அணைந்தபின், சன்னலில் மழைத்தாரை வழிந்துகொண்டிருக்க, அந்தப் போர்வை லேசாக அசைகிறது. முதல் முறை பார்க்கும்போது நாம் இருவரின் வாய்ச்சண்டையைப் படித்துக்கொண்டிருந்திருப்போம். படம் முடியும் இடத்தில் காதலர்கள் திரையிலேயே இல்லை. விடுதி நடத்தும் முதியவர்கள் இருவர், இந்தப் புதுத் தம்பதிக்குக் கயிறும் போர்வையும் ஊதுகுழலும் எதற்கு என்று வியந்து பேசிக்கொள்கிறார்கள். குழல் ஒலிக்கிறது. போர்வை தரையில் விழுகிறது. விளக்கு அணைகிறது.

அடுத்து கேரட். வைக்கோலில் உறங்கி எழுந்த காலையில் அவன் நீட்டும் பச்சைக் கேரட்டை அவள் முகம் சுளித்து மறுக்கிறாள். பின்னர் அவனுடைய மேலங்கிப் பையிலிருந்து அதை எடுத்துக் கடிக்கிறாள். மன்னிப்பும் சமாதானமும் அந்த ஒரு கடியில் முடிந்துவிடுகின்றன. இப்படி நீங்கள் கண்டுபிடிக்கும் பொருள்களைக் குறிப்பேட்டில் எழுதி, அவை எந்தெந்த நிமிடத்தில் வருகின்றன என்பதையும் அருகில் குறியுங்கள்.

படி 6: 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'

பழக்கம் வந்ததும் லூபிட்சின் இந்த 1940ஆம் ஆண்டுப் படத்துக்குச் செல்லுங்கள். மிக்லோஷ் லாஸ்லோ எழுதிய ஹங்கேரிய நாடகத்திலிருந்து பிறந்த இந்தக் கதை புடாபெஸ்டில் ஒரு கடையில் நடக்கிறது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் மார்கரெட் சல்லவனும் கடையில் ஓயாமல் சண்டையிடும் ஊழியர்கள். முகம் அறியாமல் கடிதம் எழுதிக் காதலிப்பவர்களும் அவர்களேதான். 1998இல் வந்த 'யூ ஹேவ் காட் மெயில்' இந்தக் கதையைத்தான் மின்னஞ்சலுக்கு மாற்றியது.

நான் இதுவரை பார்த்த படங்களில், என் நெஞ்சை விட்டு அகலாத காட்சி ஒன்று இதில் இருக்கிறது. கேமரா அஞ்சல் நிலையத்துப் பெட்டிகளின் உட்பக்கத்தில் இருக்கிறது. கையுறை அணிந்த ஒரு கை காலிப் பெட்டிக்குள் நுழைந்து, அதன் அடித்தளத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறது. கடிதம் இல்லை. கை மெல்லப் பின்வாங்குகிறது. பிறகு அந்தச் சிறிய சதுரத்துக்கு அப்பால் கிளாராவின், அதாவது சல்லவனின், முகம் குனிந்து உள்ளே பார்க்கிறது. சில நொடிகளே வரும் காட்சி. ஏமாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் முறை இதைத் தவறவிடுவது எளிது. இரண்டாம் முறை இதற்காகவே காத்திருப்பீர்கள்.

படி 7: வேகமான படங்கள்

ஹாவர்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்தை முதலிலேயே பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் தொடங்கிவிடும் உரையாடலை எந்தச் சப்டைட்டிலாலும் முழுவதும் காட்ட முடியாது. கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் விவாகரத்தான பத்திரிகையாளர்களாக வருகிறார்கள். மூல நாடகத்தில் ரஸ்ஸல் ஏற்ற நிருபர் வேடம் ஓர் ஆணுடையது. அதைப் பெண்ணாக்கியதால்தான் இது காதல் கதையானது. மூன்றாவது அல்லது நான்காவது படமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை, அவர்கள் இருவரும் பேசும்போது நடுவில் அகப்பட்டுக்கொள்ளும், ரஸ்ஸலை மணக்கவிருக்கும் மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் பாருங்கள்.

பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் 'தி லேடி ஈவ்' (1941) படத்தில், கப்பலின் உணவுக்கூடத்தில் பார்பரா ஸ்டான்விக் தன் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் தனியே அமர்ந்திருக்கும் ஹென்றி ஃபோண்டாவை மயக்க முயலும் பெண்களை ஒவ்வொருவராக வருணிக்கிறாள். நாம் பார்ப்பது முழுவதும் அந்தக் கண்ணாடிக்குள்தான். அவன் எழுந்து நடந்து வரும்போது அவள் காலை நீட்டித் தடுக்கி விழச்செய்து, தன் காலணியின் குதி உடைந்ததற்கு அவனையே பொறுப்பாக்குகிறாள்.

படி 8: உறுத்தும் இடங்களைத் தாண்டிச் செல்லாதீர்கள்

'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940) படத்தின் தொடக்கத்தில் கணவன் மனைவியின் முகத்தில் கைவைத்துத் தள்ளிக் கீழே வீழ்த்துவதை நகைச்சுவையாகக் காட்டுகிறார்கள். 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்திலும் நாயகன் நாயகியை அடிக்கும் இடம் உண்டு. கறுப்பின நடிகர்களுக்குப் பெரும்பாலும் பணியாளர் வேடங்கள் தவிர வேறெதுவும் கொடுக்கப்படவில்லை. படங்களை நேசிக்கிறோம் என்பதற்காக இவற்றுக்குச் சமாதானம் தேட வேண்டியதில்லை. இவற்றையும் அதே குறிப்பேட்டில், அதே கவனத்தோடு எழுதுங்கள்.

படி 9: இறுதியாக 'தி அப்பார்ட்மென்ட்'

லூபிட்சின் 'நினோச்கா' (1939) படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான பில்லி வைல்டர், 1960இல் இந்தப் படத்தை எடுத்தார். மேலதிகாரிகளின் கள்ளத் தொடர்புகளுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டுப் பதவி உயர்வு பெறும் ஒரு குமாஸ்தாவின் கதை இது. தற்கொலை முயற்சியும் இதில் உண்டு என்பதால், மனம் தெளிவாக இருக்கும் நாளில் பாருங்கள்.

முதல் முறை முடிந்தபின் குறிப்பேட்டை எடுத்து 'கைக்கண்ணாடி' என்று எழுதிக்கொண்டு, இரண்டாம் முறையைத் தொடங்குங்கள். தன் வீட்டில் யாரோ விட்டுச்சென்ற, விரிசல் விழுந்த ஒரு கைக்கண்ணாடியை ஜாக் லெமன் தன் மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கிறார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னர் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும் நாளில் தன் புதுத் தொப்பியைச் சரிபார்க்க அவர் விரும்ப, அவர் விரும்பும் பெண்ணான ஷெர்லி மெக்லேன் தன் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டுகிறார். லெமன் அதைத் திறக்கிறார். குறுக்கே ஓடும் விரிசலில் அவர் முகம் இரண்டாகப் பிளந்து தெரிகிறது. கண்ணாடி உடைந்திருக்கிறது என்று மட்டும் அவர் சொல்கிறார். அது தனக்குத் தெரியும் என்றும், தான் உணர்வது போலவே அது தன்னைக் காட்டுவதால் பிடித்திருக்கிறது என்றும் அந்தப் பெண் விடை சொல்கிறாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அவர் கண்ணாடியை மூடித் திருப்பிக் கொடுப்பதை இன்னொரு முறை பாருங்கள்.