காக்கை உட்கார்ந்ததெல்லாம் ‘ஐரானிக்’ ஆகாது

‘இதில் கொடுமை என்னவென்றால்…’ என்று தமிழில் ஓடும் எண்ணத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது, கை தானாகவே ‘ஐரானிக்கலி’ என்று போட்டுவிடுகிறது. தவறு இங்கேதான் தொடங்குகிறது. நம் ‘கொடுமை’ துரதிர்ஷ்டம், தற்செயல், எரிச்சல், வேடிக்கை என எல்லாச் சுமையையும் தாங்கும். ‘ஐரானிக்’ அவ்வளவு தாங்காது. ஒரு எதிர்பார்ப்போ நோக்கமோ முதலில் இருக்க வேண்டும். நடந்தது அதையே கேலி செய்வதுபோல் தலைகீழாக முடிய வேண்டும்.

சரிபார்க்க நம் பழமொழிகளே போதும். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்று சொல்லத் தோன்றினால் அது தற்செயல். இரண்டு தோழிகள் சொல்லிவைக்காமல் ஒரே நிறப் புடவையில் வந்தது இந்த வகை. அங்கே ‘கோஇன்சிடென்ஸ்’ போதும். ‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்று சொல்லத் தோன்றினால் தயங்காமல் ‘ஐரானிக்’ போடலாம். காக்க வைத்ததே அழிக்கிறது அல்லவா? ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது’ மட்டும் ஏமாற்றும். நினைத்தது நடக்கவில்லை, அவ்வளவுதான். குரங்கு பிள்ளையாருக்கு எதிர்ப்பதம் இல்லை.

கனடாப் பாடகி அலானிஸ் மோரிசெட் 1996-இல் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். கல்யாண நாளில் மழை பெய்வதும் அதில் ஓர் உதாரணம். அது வெறும் துரதிர்ஷ்டம் என்று இன்றுவரை கிண்டல் தொடர்கிறது. அதே மழையை ‘ஐரானிக்’ ஆக்க முடியும். ஐப்பசி மழைக்குப் பயந்து சென்னை மண்டபத்தை ரத்து செய்து, கல்யாணத்தைக் கோயம்புத்தூருக்கு மாற்றுகிறார்கள். அன்று கோவையில் கொட்டுகிறது, சென்னையில் வெயில். தப்பிக்க எடுத்த முயற்சியே கொண்டுபோய் நனைத்துவிட்டது.

வரலாற்றிலிருந்து ஒன்று: 1864 மே 9, அமெரிக்க உள்நாட்டுப் போர், வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா. தொலைவிலிருந்து வந்த தோட்டாக்களுக்குக் குனிந்து ஒதுங்கிய வீரர்களைத் தளபதி ஜான் செட்ஜ்விக் கடிந்துகொண்டார். இந்தத் தூரத்திலிருந்து அவர்களால் ஒரு யானையைக்கூடச் சுட முடியாது என்றார். சற்று நேரத்தில் ஒரு தோட்டா அவர் முகத்தில் பாய, அங்கேயே இறந்தார். போர்க்களத்தில் தளபதி இறப்பது சோகம் மட்டுமே. அந்தப் பேச்சுக்குப் பின் இறந்ததுதான் ‘ஐரானிக்’.

‘சர்க்காஸ்டிக்’ என்று எழுத வேண்டிய இடத்திலும் இந்தச் சொல் புகுந்துவிடுகிறது. தாமதமாக வந்த ஊழியரிடம் மேலாளர் ‘ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்களே சார்’ என்றால், எதிரே நிற்பவரைக் குத்துவது நோக்கம், அது ‘சர்க்காஸ்டிக்’. சொல்லும் பொருளும் எதிரெதிராக இருப்பதால் அதை ‘ஐரானிக்’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் எல்லா ஐரனியும் ஆளைக் குத்துவதல்ல. கயவர் தேவரைப் போன்றவர், அவர்களும் விரும்பியதைச் செய்து நடப்பதால், என்னும் 1073-ஆம் குறளைப் பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணிக்குப் படித்திருப்பீர்கள். புகழ்ச்சியின் தொனியில் இகழ்ச்சி: சொல்லில் வரும் ஐரனிக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைப்பது கடினம்.

வாக்கிய அமைப்பில் நேரும் பிழை வேறு. ‘ஐரானிக்கலி, அவர் ராஜினாமா செய்தார்’ என்று நிறுத்தினால் வாசகர் எதற்கு எதிராக என்று கேட்பார். ஊழியர்களை வேலையை விடாமல் தக்கவைக்கத்தான் அவரையே நியமித்தார்கள் என்ற பாதி அதே வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் அந்தச் சொல்லை நீக்கி, ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ போட்டுப் பாருங்கள். பொருள் எதுவும் குறையவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். பேச்சில் யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை. தேர்வுக் கட்டுரையிலும் அலுவலக அறிக்கையிலும் பார்ப்பார்கள்.

தமிழாக்கும்போது வெறும் ‘முரண்பாடு’ என்று எழுதுவதும் சரியல்ல. இரண்டு சாட்சிகள் வெவ்வேறாகச் சொன்னால் முரண்பாடு. ஐரனிக்கு ‘முரண்நகை’ என்ற சொல் இருக்கிறது.

உச்சரிப்பு: இரும்பைக் குறிக்கும் ‘அயன்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவில்லை, அதனால் ‘அயர்னி’ தவறு. பெயர்ச்சொல்லான ‘ஐரனி’யில் அழுத்தம் முதல் அசையில். ‘ஐரானிக்’ என்னும்போது அது ‘ரா’வுக்கு நகர்ந்துவிடும்.