திருகோணமலையில் பழைய ஹைபிரிட் கார் வாங்கவிருக்கும் நம்மவர்களுக்கு

தூத்துக்குடியிலிருந்து திருகோணமலையை அடுத்த சீனக்குடாவுக்கு வேலை மாற்றலாகி வந்த புதிதில், மொழியும் வெயிலும் சாலையின் இடப்பக்கமும் பழகியவையே என்பதால், கார் விஷயத்தில் எனக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு என்னிடமிருந்து மூன்றரை இலட்சம் இலங்கை ரூபாயைக் கறந்துகொண்டது.

காகித வேலைகள் பெரிய தொல்லை அல்ல. நம் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது; முறைப்படி இந்நாட்டு அனுமதி பெற வேண்டும், அதற்கு இங்கே சாரதி அனுமதிப்பத்திரம் என்று பெயர். காப்புறுதி, ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை, அதைக் காட்டிப் பெறும் வருமான உத்தரவுப் பத்திரம் ஆகியவற்றை உடன் வேலை செய்பவர் எவரைக் கேட்டாலும் சொல்லித் தருவார்.

எவரும் சொல்லித் தராதது காரின் வயிற்றில் இருப்பதைப் பற்றி. ஊரில் நாம் ஓட்டிய மாருதிக்கு வேப்பமரத்தடி மெக்கானிக்கே போதும். இங்கே தெருவில் ஓடுபவற்றில் பெரும்பகுதி ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்ததால், இடையில் ஐந்தாண்டுகள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. அப்படிக் கைமாறி வந்த ஒரு 2013 டொயோட்டா அக்வாவை நான் வாங்கினேன்; பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் அது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண்குரல் மிகுந்த பணிவோடு ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை என்கிறாள் என்பதை ஆறு மாதம் கழித்தே அறிந்தேன்.

அக்வாவின் பெரிய பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கட்டை எனப்படும் 7.2 வோல்ட் சிறு பேட்டரிகள் இருபதைத் தொடராகக் கோத்து 144 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். அதைக் குளிர்விப்பது ஒரு சிறு மின்விசிறி. அவ்விசிறி காற்றை இழுப்பது பின் இருக்கையை ஒட்டியுள்ள சல்லடை வாய் வழியாக, அதாவது நாம் உட்காரும் அறையிலிருந்தே. நானோ, நம் ஊர் வழக்கப்படி, கார் வாங்கிய மறுநாளே தடித்த ரெக்சின் உறை தைத்துப் போட்டு அந்த வாயைப் பாதி மூடினேன். மீதிப் பாதியை நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் குழந்தைகள் காலில் ஒட்டி வந்த மணல் அடைத்தது. பின்னாலிருந்து விசிறி இரையத் தொடங்கியபோதும், திரையில் பேட்டரி அளவு கணத்தில் ஏறிக் கணத்தில் இறங்கியபோதும், ஏசியின் சத்தமாக்கும், திரையின் கோளாறாக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொழும்பிலிருந்து திரும்பும்போது, ஹபரணை தாண்டிக் கந்தளாய்க்கு முன், யானை குறுக்கிடும் காட்டுப் பகுதியில் திரையில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை எரிந்து கார் இழுவையற்றுப் போனது. மாலை ஆறு மணி, பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மரக்கறி லொறியில் வந்த ஒரு முஸ்லிம் பெரியவர் கயிறு கட்டிக் கந்தளாய் வரை இழுத்து வந்து, தேநீரும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பணம் வாங்க மறுத்துப் போனார்.

இனி என் முட்டாள்தனம். நகரத்துக் கராஜ் ஒன்றில், முழுப் பேட்டரியும் மாற்றத் தேவையில்லை, செத்த கட்டைகள் இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். கெட்டதை மட்டும் மாற்றுவதே சிக்கனம் என்று வளர்ந்தவனுக்கு அது தேனாக இனித்தது, அறுபதாயிரம் கொடுத்தேன். தொடராகக் கோத்த கட்டைகளில் ஒன்று தளர்ந்தால் எல்லாவற்றையும் அதுவே கீழே இழுக்கும். வெப்பத்தில் ஒன்றாக வெந்த இருபதில் இரண்டு போயிருந்தால், மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்றே பொருள். மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு, அதற்கு ஐம்பதாயிரம். பிறகு முழுப் பேட்டரிக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். இத்தனைக்கும் இரண்டு முறை பேட்டரியை வெளியே எடுத்தவர்கள் அந்தச் சல்லடையைத் துடைக்கவில்லை. என் கோபம் பாதி அவர்கள் மேல், பாதி ஒரு வார்த்தை கேட்காத என் மேல்.

ஆகவே வாங்குமுன், விலை பேசிய பிறகல்ல, கருவி மாட்டி ஹைபிரிட் ஸ்கேன் செய்யத் தெரிந்த பாஸ் ஒருவரிடம் (இங்கே கைத்தொழில் தெரிந்தவருக்கே அந்தப் பெயர்; மேலதிகாரி என்று எண்ணித் திகைக்க வேண்டாம்) கொண்டுபோய், ஏசி ஓட, கந்தளாய்ச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டியபடியே பேட்டரிப் பகுதிகளின் மின்னழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒன்றுக்கொன்று வேறுபாடு பெரிதாக இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஓடிய கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள், அதைக் குறைத்துக் காட்டுவது எளிது. ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிர் பறிக்கும் மின்சாரம் உண்டு. பழக்கமில்லாத மெக்கானிக்கைத் தொட விடாதீர்கள். ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதிலாகக் கடலோரக் கிணற்று நீரை ஊற்றுவதும் வேண்டாம். துருவும் உப்பும் அடைத்துச் சூடேறினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, பேட்டரிச் செலவோடு எஞ்சின் செலவும் சேரும். வண்டி உதிரிபாகங்களுக்குப் பேர்போன நம் சென்னைப் புதுப்பேட்டைக்கு இணையான பஞ்சிகாவத்தை கொழும்பில் இருக்கிறது. அங்கே பேட்டரி வாங்கினால், முழுவதும் புதியதா, பழைய கட்டைகளைப் பொறுக்கிக் கோத்ததா என்பதையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

என் ரெக்சின் உறையில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டப்பட்டிருக்கிறது. டேஷ்போர்டு அறையில் ஒரு பழைய பெயின்ட் பிரஷ் கிடக்கிறது; ஞாயிறுதோறும் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்ததும் மணலைத் துடைப்பது மூத்தவளின் பொறுப்பு.