இளமையில் மறைந்த பள்ளித் தோழர்களை நினைவுகூர்வது எப்படி

ஒரே செட்டில் பிளஸ் டூ முடித்தவர்கள் 25 ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் கூடுவது தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட இப்போது வழக்கமாகிவிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்து, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை என்று நகரும் நிகழ்ச்சி நிரலில், மறைந்த தோழர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்ற வரியும் இருக்கும். நான்கைந்து பெயர்கள் வாசிக்கப்பட்டதும் எழுந்து நின்று அமர்ந்துவிடுகிறோம். நம்மோடு படித்து, நாற்பது வயதைத் தொடாமல் போனவர்களுக்கு இது போதாது. நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்பே சிலர் பொறுப்பெடுத்துக்கொண்டால் உரிய முறையில் செய்ய முடியும்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். பெரும்பாலோர் பிளஸ் டூ குரூப் போட்டோவை வைத்தே பட்டியல் போடுகிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனவர்களும், படிக்கும்போதே இறந்தவர்களும் அந்தப் படத்தில் இருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து நம்மோடு இருந்த ஒருவன் படத்தில் இல்லை என்பதற்காக நினைவிலும் விடுபட்டுவிடக் கூடாது. தலைமையாசிரியரிடம் முறையாகக் கேட்டால் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களைச் சரிபார்த்துத் தருவார்கள்.

இறப்புச் செய்தியை உறுதிசெய்யாமல் எந்தப் பெயரையும் சேர்க்க வேண்டாம். ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் இருப்பதும், இன்ஷியல் மாறி ஒருவரின் செய்தி மற்றவர்மேல் ஏறிவிடுவதும் நடக்கக்கூடியவை. அதே ஊர்க்காரர் ஒருவரிடமும், முடிந்தால் குடும்பத்தாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுத வேண்டும்.

அடுத்தது நினைவுகளைத் திரட்டுவது; அதிக நேரம் தர வேண்டிய வேலையும் இதுவே. 'நல்ல பையன், எல்லோருக்கும் உதவுவான்' என்று எழுதி வாங்கினால் அது யாருக்கும் பொருந்தும். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான், யாரோடு சைக்கிளில் வந்தான், எந்த ஆசிரியரைக் கண்டால் பயந்தான், எதற்காக அடி வாங்கினான் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அப்போதுதான், சத்துணவில் முட்டை போடும் நாளில் அதைச் சாப்பிடாமல் தம்பிக்காக டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு போன பெண்ணின் கதை வெளியே வரும். குழுவில் பொதுவாகக் கேட்டால் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற பதில்களே குவியும் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசி எழுதிக்கொள்வது நல்லது. மனத்தை நோகடிக்கும் பட்டப்பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்தத் தேடலில் ஆட்டோகிராப் நோட்டை மறந்துவிடாதீர்கள். கடைசிப் பொதுத்தேர்வுக்கு முன்னால் நாம் எல்லோரும் மாற்றி மாற்றி எழுதி வாங்கிய அந்த நோட்டுகள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. மறைந்தவர் தன் கையால் எழுதிய நான்கு வரிகள், மூலையில் வரைந்த ரோஜாப்பூ, தேதியோடு போட்ட கையெழுத்து ஆகியவை அதில் அப்படியே இருக்கும். பதினேழு வயதுப் பிள்ளையின் கையெழுத்து ஒன்றுகூட மிஞ்சாத பெற்றோருக்கு அதைவிடப் பெரிதாக எதையும் நம்மால் கொடுத்துவிட முடியாது. அந்தப் பக்கத்தையும் குரூப் போட்டோவையும் ஸ்கேன் செய்து நல்ல தாளில் அச்சிடுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்டுடியோவில் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது.

திரட்டியவற்றை எடுத்துக்கொண்டு, விழாவுக்கு முன்பே வீட்டுக்குப் போக வேண்டும். முன்கூட்டிப் போன் செய்து கேட்டுவிட்டு, மறைந்தவரோடு உண்மையாகவே பழகிய இரண்டு மூன்று பேர் மட்டும் போனால் போதும். 'என் மகன் இருந்திருந்தால் அவனுக்கும் உங்களைப் போல முடி நரைத்திருக்கும்' என்று அந்த அம்மா சொல்லி அழக்கூடும். அப்போது பேச்சை மாற்றாமல் அவரைப் பேச விடுங்கள். இறந்த பிள்ளையின் பெயரைச் சொன்னால் பெற்றோர் மனம் உடைந்துவிடும் என்று அஞ்சி உறவினர்களே பெயரைத் தவிர்த்துவரும் வீடுகள் பல உண்டு; தன் பிள்ளையை நினைத்து நாலு பேர் வந்தார்களே என்பது அங்கே ஆறுதலாகத்தான் இருக்கிறது. விழாவுக்கு அழையுங்கள், ஆனால் வற்புறுத்தாதீர்கள். மனைவியோ கணவரோ மறுமணம் செய்திருந்தால் முதலில் அவரிடம் மட்டும் பேசி, அவர் விருப்பப்படி நடந்துகொள்ளுங்கள்.

விழா நாளில் மாலை போட்ட படமும் விளக்கும்தான் அஞ்சலி என்று முடிவு செய்துவிட வேண்டாம். பல இஸ்லாமியக் குடும்பங்களும் சில கிறிஸ்தவக் குடும்பங்களும் படத்துக்கு மாலையிடுவதையோ விளக்கேற்றுவதையோ விரும்புவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக, ஒவ்வொருவர் பெயரையும் இன்ஷியலோடும் ஊரோடும் சொல்லி, அவரைப் பற்றிய ஒரு நினைவை அவருடைய நண்பரே வாசித்து, இறுதியில் மௌனமாக நிற்பது பொருத்தமாக இருக்கும். இதைக் கலைநிகழ்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் செருகாமல், தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

எப்படி இறந்தார் என்பதை மேடையில் சொல்லத் தேவையில்லை. தற்கொலையால் இறந்தவர் ஒருவர் இருந்தால் இது இன்னும் முக்கியம். வெட்கப்பட்டு அவர் பெயரை விட்டுவிடவும் கூடாது. இறந்த முறையையோ, தேர்வுத் தோல்விதான் காரணம், காதல்தான் காரணம் என்ற ஊர்ப்பேச்சையோ எடுக்கவும் கூடாது. அந்த மரணம் தன்னால் நேர்ந்தது என்று இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் புழுங்கும் நண்பர் கூட்டத்தில் இருக்கலாம். அவரோடு தனியாகப் பேசுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பரிசுத் தொகை வைக்க விரும்புவோர், முதல் மதிப்பெண்ணுக்கே தராமல், மறைந்தவர் விரும்பிய கபடிக்கோ ஓவியத்துக்கோ தரலாம். ஒரு லட்சம் ரூபாயை ஏழு சதவீத வட்டிக்கு வைப்பு வைத்தால் ஆண்டுக்கு 7,000 ரூபாய் வரும். கணக்கை யார் பார்த்துக்கொள்வது என்பதைத் தலைமையாசிரியரோடு கலந்து எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மரக்கன்று நடுவதாக இருந்தால், பள்ளி மூடியிருக்கும் மே மாதத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்துவிட்டு நடுங்கள்.

அண்மையில் மறைந்தவரின் எண் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால், அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் முதலில் சேமித்துக் குடும்பத்தாருக்கு அனுப்பிவிட்டு, பிறகு எண்ணை நீக்குங்கள். பயன்பாட்டில் இல்லாத எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும்.

நினைவு நாளைக் குறித்துக்கொள்ளும்போது, வீட்டில் எந்த நாளை அனுசரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திதி பார்க்கும் குடும்பங்களில் அது ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போகாமல் ஆண்டுதோறும் மாறும். கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் போவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருவர் என்று பொறுப்பேற்று அந்த நாளில் அழைத்துப் பேச வேண்டும். அவர் வெளிநாடு போனாலோ உடல்நிலை சரியில்லாமல் போனாலோ, அடுத்தவரை வீட்டுக்கு நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்திவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.