மண்ணில் ஏறிய கன உலோகத்தைச் செடியால் இறக்குவது: காவிரி டெல்டா வயலுக்கான வழிமுறை

காட்மியம், ஈயம், குரோமியம் மாதிரி உலோகங்கள் மக்கிப்போவதில்லை. செடி அவற்றை உறிஞ்சினால் மண்ணிலிருந்து தண்டுக்கும் இலைக்கும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். அந்தச் செடியை வயலை விட்டு வெளியேற்றாதவரை எதுவும் சுத்தமாகவில்லை. இதை மறந்துவிட்டுச் சூரியகாந்தி விதைப்பதில் பயனில்லை.

முதலில் மண் மாதிரி. மண்வள அட்டைக்கு எடுக்கும் பரிசோதனையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் எல்லாம் வரும். காட்மியமும் ஈயமும் வராது. ஆய்வகத்தில் கன உலோகம் என்று தனியாகக் கேட்க வேண்டும். மொத்த அளவு, செடிக்குக் கிடைக்கும் அளவு இரண்டையும் கேளுங்கள். செடிக்குக் கிடைக்கும் அளவு மிகக் குறைவாக இருந்தால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது.

மடைவாய், நடு வயல், கடைக்கோடி என்று மூன்று தனி மாதிரிகள் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு இடத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, கலந்து, அரைக் கிலோ பிரித்துக்கொள்ளலாம். துத்தநாகம் பூசிய தகரச் சட்டியும் துருப்பிடித்த மண்வெட்டியும் வேண்டாம். மூங்கில் சிம்பும் பிளாஸ்டிக் வாளியும் போதும். வாய்க்கால் தண்ணீர் சுமந்து வரும் வண்டல் முதலில் படிவது மடைவாயில்தான். நொய்யல், அமராவதி வழியாகச் சாயக்கழிவு காவிரியில் சேர்வது பழைய கதை. ஊர்ச் சாக்கடை கலக்கும் கிளை வாய்க்கால்களும் உண்டு. வரத்து நிற்காமல் செடி வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது. மடைக்கு உள்பக்கம் சிறு வண்டல் குழி வெட்டி, ஆண்டுக்கு ஒருமுறை அள்ளிவிட வேண்டும். அள்ளிய வண்டலை வயலில் பரப்பக் கூடாது. மடைவாயில் மட்டும் கறை இருந்தால், அந்த மண்ணை இழுத்து வயல் முழுக்கப் பரம்படிப்பதையும் நிறுத்துங்கள்.

இனி கணக்கு. ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மண் ஏறத்தாழ 8 லட்சம் கிலோ. கிலோவுக்கு 2 மி.கி. காட்மியத்தை 1.5 ஆக்க, 400 கிராம் காட்மியம் வெளியே போக வேண்டும். ஏக்கருக்கு 2 டன் காய்ந்த செடி, அதில் கிலோவுக்கு 10 மி.கி. காட்மியம் என்று வைத்துக்கொண்டால் ஒரு போகத்துக்கு 20 கிராம் போகும். இருபது போகம் வேண்டும்; ஆண்டுக்கு இரண்டு என்றால் பத்து ஆண்டு. ஈயத்தில் கிலோவுக்கு 300 மி.கி.-ஐ 250 ஆக்க 40 கிலோ எடுக்க வேண்டும், அதற்குச் செடி சரிப்படாது. ஆகவே இந்த முறை பொருந்துவது, கறை லேசாக, சிறு துண்டில் இருக்கும் காட்மியத்துக்கு. ஒரு மா (ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு) அளவில் தொடங்குங்கள்.

எந்தச் செடி? எல்லோரும் முதலில் சொல்வது கடுகு. டெல்டாவுக்கு அது இரண்டாம் தேர்வுதான்: அதற்குக் குளிர் வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. குளிர் மாதத்தில் இங்கே சம்பா நிற்கிறது. மாசியில் விதைத்தால் சரியாக வளரும் முன்பே பூத்துவிடும். சம்பா அறுத்து உளுந்து தெளிக்கும் அந்த இடைவெளியில் சூரியகாந்தி சரி. பிறகு தண்ணீர் வசதி இருந்தால் தீவனச் சோளம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் இரண்டும் முடிந்துவிடும்.

களிமண்ணில் ஈரம் வடிந்து உழவுப் பதம் வந்த பின் பார் பிடித்து, சூரியகாந்தியை 45×30 செ.மீ. இடைவெளியில் விதையுங்கள்; ஏக்கருக்கு 3 கிலோ விதை. ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். 20-ஆம் நாள் யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் 50 கிலோ இடுவது நல்லது. அது மண்ணைச் சற்று அமிலமாக்கி, உலோகத்தை இளக்கிச் செடிக்குக் கிடைக்கச் செய்யும். இந்தக் காலத்தில் சுண்ணாம்பும் அதிகத் தொழுவுரமும் வேண்டாம், இரண்டும் உலோகத்தைப் பிடித்துவைக்கும். உலோகத்தை இளக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் நம் பகுதியில் இளகியது செடிக்குப் போகாமல் ஆழ்குழாய்க்கும் வடிகாலுக்கும் போய்விடும்.

பூ விரிந்ததும், விதை பிடிக்கும் முன், 60 நாள் வாக்கில் பிடுங்குங்கள். கிளிகளுக்கும் விருந்தில்லை, இலை உதிர்ந்து மண்ணுக்குத் திரும்புவதும் இல்லை. பிடுங்குவதற்கு முந்தின நாள் லேசாகத் தண்ணீர் காட்டினால் வேரோடு வரும். மண்ணை அங்கேயே உதறிவிட்டுத் தார்ப்பாய் மேல் காயவையுங்கள். நொறுங்கிய இலையைப் பெருக்கிச் சேர்க்க வேண்டும். பெருக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

காய்ந்த தட்டையை அடுப்புக்கு எடுத்துப்போக ஆள் வரும். கொடுக்கக் கூடாது. அந்தச் சாம்பல் அவரைக்கு அசுவினி விரட்டத் தூவப்பட்டும் பாத்திரம் துலக்கியும் வீட்டுக்கே வரும். மாட்டுக்கு வேண்டாம், எருக்குழிக்கும் வேண்டாம். மூட்டை கட்டி எடைபோட்டு, மழை படாத இடத்தில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அபாயக் கழிவு ஒப்படைப்பு பற்றிக் கேளுங்கள். கோடையில் ஆட்டுக்கிடை போட வருகிறவர்களிடம் இந்த வயலை முன்கூட்டியே விலக்கிச் சொல்லிவிடுங்கள்.

வரப்பிலும் மடைவாயிலும் வெட்டிவேர் நடலாம். ஓரடி இடைவெளி போதும். அது உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொண்டு வண்டலையும் பிடிக்கும். இந்த வேர் மண்பானைத் தண்ணீருக்கோ நாட்டு மருந்துக் கடைக்கோ போகக் கூடாது.

ஈயமும் குரோமியமும் உள்ள வயலில் எடுப்பதை விட்டுவிட்டு அடக்குவதே புத்திசாலித்தனம்: தொழுவுரம் நிறைய, ஈயத்துக்குக் கூடவே மணிச்சத்து. காட்மிய வயலிலும் இடைப்பட்ட ஆண்டுகளில் நெல் போடத்தான் செய்வீர்கள். அங்கே வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை எதிராக வேலை செய்யும். வயல் காய்ந்தால் காட்மியம் இளகி நெல்மணிக்கு ஏறும். நீர் தேங்கி நின்றால் கந்தகத்தோடு சேர்ந்து கட்டுப்படும். பூத்த பின் மூன்று வாரம் ஓரிரு அங்குலம் தண்ணீர் தேக்கி வையுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டும் காட்மியத்துக்குப் போட்டியாக நிற்கும். ஆர்சனிக் இருந்தால் மட்டும் இது தலைகீழ்: நீர் தேங்கி நின்றால் அது இளகும்.

அறுவடைக்குப் பின் மண்ணை மட்டும் நம்பிக் கணக்குப் பார்க்காதீர்கள். முதல் ஆண்டின் குறைவு ஆய்வகப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். வேர், தண்டு, இலை மூன்றும் கலந்த காய்ந்த மாதிரி கால் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்பி, வரும் அளவை மூட்டைகளின் மொத்த எடையால் பெருக்குங்கள். வயலை விட்டுப் போன கிராம் அதில் தெரியும். மண்ணை மூன்றாம் ஆண்டில், அதே இடங்களில், அதே ஆய்வகத்தில் பாருங்கள்.