பார்க், ஸ்ட்ரீட்டுக்கு வளையும் ஸ்னோபோர்டு: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்னோபோர்டு பார்க்கில், அதாவது தடைகளும் ஜம்ப்பும் அமைத்த பனிச்சரிவில், ரெயிலும் பாக்ஸும் (சறுக்கிப்போக வைத்த இரும்புக் கம்பியும் பெட்டியும்) ஓட்ட ஆசைப்படுகிற எவருக்கும் முதலில் கிடைக்கிற அறிவுரை ஒன்றுதான்: சாஃப்ட் போர்டு வாங்கு. அறிவுரை தப்பில்லை. குறைந்த வேகத்தில் நோஸை (முன்முனையை) அழுத்தி மறுமுனையைத் தூக்கி பிரெஸ் போடவும், அப்படியே பனிமேல் சுழன்று பட்டர் சுற்றவும், ரெயிலில் கொஞ்சம் கோணலாக ஏறிவிட்டாலும் விழாமல் சமாளிக்கவும் வளைகிற போர்டுதான் கைகொடுக்கும். ஆனால் அந்த அறிவுரை பாதியிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு வளைய வேண்டும், எந்தப் பகுதி வளைய வேண்டும், யாருடைய எடைக்கு வளைய வேண்டும் என்று கேட்காமல் வாங்குகிறவர்கள், ஒரு பருவம் முடிவதற்குள் அந்த போர்டை மூலையில் சாத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் போர்டின் மேல் குற்றம் இருக்காது.

எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது

போர்டின் விவரப் பட்டியலில் ஃப்ளெக்ஸ் (வளைவுத்தன்மை) என்ற இடத்தில் 1 முதல் 10 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். 1 மிக மென்மை, 10 மிக விறைப்பு. பார்க் போர்டுகள் பொதுவாக 2-க்கும் 5-க்கும் நடுவில் வரும். இந்த எண்ணுக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 3, இன்னொரு கம்பெனியின் 5 போல இருக்கலாம். ஒரே கம்பெனியின் இரண்டு போர்டுகளை ஒப்பிட அந்த எண் உதவும்; இரண்டு கம்பெனிகளை ஒப்பிட உதவாது. எண்ணே போடாமல் வெறும் சொல்லில் விவரிக்கிறவர்களும் உண்டு.

அதைவிட முக்கியமானது உங்கள் எடை. 55 கிலோ உள்ள ஒருவருக்கு நடுத்தரமாகத் தெரிகிற 152 சென்டிமீட்டர் போர்டு, 85 கிலோ உள்ளவரின் காலடியில் தொய்ந்துபோகும். ஒவ்வொரு நீளத்துக்கும் எந்த எடை வரம்பு பொருந்தும் என்று கம்பெனிகள் அட்டவணை கொடுக்கின்றன. ஃப்ளெக்ஸ் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அட்டவணையைப் பாருங்கள். வரம்பின் மேல் எல்லையை ஒட்டி உங்கள் எடை இருந்தால், எண் சொல்வதைவிட அந்த போர்டு உங்களுக்கு மென்மையாகத்தான் இருக்கும். கீழ் எல்லையை ஒட்டி இருந்தால் விறைப்பாக இருக்கும். குளிர் உடை, ஹெல்மெட், பூட், முதுகுப்பை எல்லாம் சேர்ந்து சில கிலோ கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வளைகிறது என்று பாராதது

இது என் பார்வையில் மிகப் பெரிய தவறு. போர்டின் வளைவு ஒன்றல்ல, இரண்டு. நோஸிலிருந்து டெய்ல் (பின்முனை) வரை நீளவாக்கில் வளைவது ஒன்று. துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்வது இன்னொன்று. முன்காலால் விரல் பக்கமும் பின்காலால் குதிகால் பக்கமும் அழுத்தும்போது போர்டு எவ்வளவு திருகிக் கொடுக்கிறது என்பதுதான் இந்த இரண்டாவது வளைவு, அதாவது டோர்ஷன். கடைக்காரர் சொல்லும் எண் பெரும்பாலும் முதல் வளைவைத்தான் குறிக்கும்.

முறுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், போர்டின் உள்ளே இருக்கும் மரக் கோரின் மேலும் கீழும் ஒட்டுகிற கண்ணாடி இழையிலிருந்து. இழைகள் நீளவாக்கிலும் குறுக்காகவும் மட்டும் போனால் அது பையாக்சியல். போர்டு எளிதாக முறுக்கிக்கொள்ளும். நீளவாக்கோடு 45 டிகிரியில் இரு பக்கமும் இழை சேர்த்தால் ட்ரையாக்சியல். அந்தச் சாய்ந்த இழைகள் முறுக்கைத் தடுக்கும். அதனால் பார்க் போர்டுகளில் பையாக்சியல் அதிகம். முறுக்கு எளிதான போர்டு மெதுவான வேகத்தில் சட்டென்று திரும்பும், எட்ஜ் (ஓரத்தில் ஓடும் உலோக விளிம்பு) பனியில் மாட்டி ஆளைத் தூக்கியடிப்பதும் குறையும். ஆனால் பனி கண்ணாடிபோல் இறுகிய நாளில் அதே போர்டு பிடிமானம் இல்லாமல் வழுக்கும்.

நீளவாக்கு வளைவிலும் வகைகள் உண்டு. சில போர்டுகளில் இரண்டு கால்களுக்கு நடுவே விறைப்பு அதிகம், நோஸும் டெய்லும் மட்டும் மென்மை. பிரெஸ் போடவும் வரும், குதித்து இறங்கும்போது காலுக்கு அடியில் ஓர் உறுதியும் இருக்கும். வேறு சிலவற்றில் நேர் எதிர்: நடுப்பகுதி மென்மை, முனைகள் விறைப்பு. போர்ட்ஸ்லைடு போகும்போது (போர்டை ரெயிலுக்குக் குறுக்காக வைத்துச் சறுக்கும்போது) நடுப்பகுதி ரெயிலைக் கவ்விக்கொள்ளும், ஒல்லி அடிக்கும்போது (டெய்லை வளைத்துத் துள்ளும்போது) டெய்ல் நன்றாக எகிறும். இந்த இரண்டுமே விளம்பரத்தில் 'சாஃப்ட்' என்ற ஒரே பெயரில்தான் வரும். எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ரெயிலோடு சிறு ஜம்ப்பும் ஓட்டுகிறவருக்கு முதல் வகையையே சொல்வேன்.

கடையில் போர்டை நிறுத்தி நடுவில் கையால் அழுத்திப் பார்க்கிறோமே, அது நடுப்பகுதியின் கதையை மட்டும் சொல்லும். பைண்டிங் (பூட்டை போர்டோடு பிணைக்கும் பிடிப்பு) பூட்டி, இரண்டு கால்களையும் ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தால்தான் முனைகள் எப்படி வளைகின்றன என்று தெரியும். பல பனிச்சறுக்கு மலைகளில் டெமோ போர்டு வாடகைக்குக் கிடைக்கும். அரை நாள் ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. புது போர்டு முதல் சில நாட்களில் இன்னும் கொஞ்சம் இளகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைக்கே சரியான மென்மையாகத் தெரிகிற போர்டு பருவத்தின் நடுவில் அதைவிட மென்மையாக இருக்கும்.

ஓட்டும் மலையை மறப்பது

மினியாபோலிஸை ஒட்டிய ப்ளூமிங்டனில் ஹைலண்ட் ஹில்ஸ் என்று ஒரு சிறு குன்று இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 50 மீட்டர்தான். கயிற்றைப் பிடித்து மேலே போய், ரெயில் ஓட்டி இறங்கி, மறுபடியும் கயிறு என்று ஒரு மாலைக்குள் எத்தனையோ சுற்று போகலாம். பக்கத்து விஸ்கான்சினில் உள்ள ட்ரோல்ஹாகனும் இதே வகை. ரெயில் ஓட்டிப் பெயர்பெற்றவர்கள் பலர் இந்தக் குன்றுகளிலிருந்து வந்தவர்கள். வேகம் குறைவு, தடைகள் நெருக்கம், ஜம்ப் சிறியது. இங்கே 2 அல்லது 3 என்று எண் போட்ட போர்டு முழு மகிழ்ச்சி தரும்.

அதே போர்டை கலிபோர்னியாவின் மம்மத் மலைக்கு எடுத்துப்போய் அங்கே உள்ள பெரிய ஜம்ப் வரிசையில் விட்டால் கதை மாறிவிடும். வேகத்தில் நோஸ் படபடக்கும். காற்றில் நீண்ட தூரம் போய் எடை கொஞ்சம் பின்னால் சாய்ந்து இறங்கினால், மென்மையான டெய்ல் தாங்காமல் மடங்கி, போர்டு முன்னால் நழுவி ஓடிவிடும். ஒலிம்பிக்கில் 2014-இல் சோச்சியில் ஸ்லோப்ஸ்டைல் சேர்ந்தது. அதன் ஓடுதளத்தில் மேலே ரெயில், கீழே பெரிய ஜம்ப். அப்படிப்பட்ட தளத்தில் நூடுல்போல வளைகிற போர்டு சரிவராது. நடுத்தர விறைப்பு வேண்டும். பார்க் என்றாலே சாஃப்ட் என்று எண்ணுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஸ்ட்ரீட் இன்னொரு உலகம். சால்ட் லேக் சிட்டி, கியூபெக் சிட்டி, ஹெல்சிங்கி போன்ற நகரங்களில் படிக்கட்டுக் கைப்பிடிகளில் ஓட்டுகிறவர்கள், மண்வாரியால் பனியை அள்ளிக் குவித்துப் பாதை போட்டு, வின்ச்சால் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவியால்) இழுத்தோ ரப்பர் கயிற்றால் தெறித்தோ வேகம் எடுக்கிறார்கள். இறங்குமிடம் பெரும்பாலும் சரிவு இல்லாத தட்டைத் தரை. மேலிருந்து விழும் முழு அதிர்ச்சியும் கால்களுக்கும் போர்டுக்கும் போகும். மிகவும் மென்மையான போர்டு அங்கே கைவிட்டுவிடும். பாதி உயரக் கைப்பிடி, சுவர் விளிம்பு என்று ஓட்டுகிறவருக்கு 3 போதும். நீண்ட, நடுநடுவே கோணம் மாறிப் போகும் கைப்பிடிகளில் ஏற ஆசைப்படுகிறவர் 4, 5-ஐப் பார்ப்பது நல்லது.

டொராண்டோவைச் சுற்றி வளர்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது போர்டு எடுக்கிறார்கள். அவர்களுக்கும், போர்டு வாங்கித் தருகிற அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: ஒன்டாரியோவின் குன்றுகள் உயரம் குறைந்தவை, செயற்கைப் பனி அதிகம், உருகி உறைந்து உருகி உறைந்து தரை கெட்டியாகிவிடும். கொலராடோவின் பஞ்சுப் பனியில் எடுத்த வீடியோவைப் பார்த்து போர்டு தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்டாரியோவில் எட்ஜ் பிடிமானம் பெரிய விஷயம்.

ராக்கரும் மென்மையும் ஒன்று என்று நினைப்பது

தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி நிற்பது கேம்பர். நடு கீழே பட்டு முனைகள் தூக்கி நிற்பது ராக்கர். நெடுங்காலம் போர்டு என்றாலே கேம்பர்தான். 2000-களின் நடுவில் வாஷிங்டன் மாநிலத்தின் லிப் டெக் என்ற கம்பெனி, ஸ்கேட் பனானா என்ற போர்டில் கால்களுக்கு நடுவே ராக்கர் வைத்து விற்றது. ரெயில் ஓட்டுகிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். எட்ஜ் மாட்டுவது குறைந்தது, பட்டர் எளிதானது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் ராக்கர் போர்டு கொண்டுவந்தன.

அதிலிருந்து வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. ராக்கர் என்பது வடிவம். மென்மை என்பது பொருளின் தன்மை. விறைப்பான ராக்கரும் உண்டு, மென்மையான கேம்பரும் உண்டு. ஒல்லியில் எகிறும் விசையும் பனியைக் கடிக்கும் எட்ஜும் கேம்பரில்தான் அதிகம். மென்மையான கேம்பர் போர்டு பிரெஸ்ஸிலும் வளையும், விட்டால் துள்ளியும் எழும். கொஞ்சம் பழகியவருக்கு இதைவிட நல்ல கூட்டணி கிடையாது என்பது என் கருத்து. பயப்படுகிறவர்கள் நடுவில் கேம்பரும் முனைகளில் ராக்கரும் கலந்த போர்டைப் பார்க்கலாம். தட்டையான நடுப்பகுதியும் மோசமில்லை. மென்மை, ராக்கர், குட்டை நீளம் மூன்றையும் ஒரே போர்டில் சேர்த்து வாங்காதீர்கள். ரெயிலில் சுகமாக இருக்கும். ரெயிலுக்கு வந்து சேருகிற பாதையில் நேராக நிற்காது.

நீளமும் அகலமும்

பார்க்குக்குக் குட்டை போர்டு என்பதும் பாதி உண்மைதான். வழக்கமாக ஓட்டுவதைவிட 2, 3 சென்டிமீட்டர் குறைத்தால் சுழற்றுவது எளிதாகும். 7, 8 குறைத்தால் இறங்கும்போது நிற்க இடமிருக்காது. தாடைவரை, மூக்குவரை என்ற உயரக் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. எடைதான் தீர்மானிக்க வேண்டும்.

அகலத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பூட்டின் விரலும் குதிகாலும் போர்டுக்கு வெளியே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் திரும்பும்போது பனியில் உரசி இழுத்து விழ வைக்கும். ஆண்களுக்கான அமெரிக்க அளவில் 11-க்கு மேல் பூட் போடுகிறவர்கள் அகலமான 'வைட்' போர்டைத்தான் முதலில் தேட வேண்டும்.

வடிவத்தில் நோஸும் டெய்லும் ஒரே மாதிரி உள்ள ட்வின் எடுங்கள். பார்க்கில் பாதி நேரம் மறுபக்கமாகத்தான் ஓட்டப்போகிறீர்கள்.

எட்ஜை முழுதாக மழுக்குவது

ரெயிலில் மாட்டாமல் இருக்க எட்ஜை மழுக்கச் சொல்வார்கள். சரி, ஆனால் அரத்தை எடுத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேய்த்துவிட்டால் அந்த போர்டு கெட்டிப் பனியில் ஓட்ட லாயக்கில்லாமல் போய்விடும். நோஸும் டெய்லும் தரை தொடும் இடங்களிலும், இரண்டு பைண்டிங்குக்கு நடுவிலும் மட்டும் லேசாக உருட்டுங்கள். போர்ட்ஸ்லைடில் ரெயிலைத் தொடுவது நடுப்பகுதிதான். பைண்டிங்குக்கு வெளியே, அந்தத் தரை தொடும் இடங்கள்வரை உள்ள பகுதியைத் தொடாமல் விடுங்கள், திரும்ப அது வேண்டும். கொஞ்சம் மழுக்கி ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். தேய்த்த உலோகம் திரும்பி வராது.

பேஸும் பைண்டிங்கும்

பேஸ் என்பது போர்டின் அடிப்பரப்பு. சின்டர்டு வகை பேஸ் வேகமானது, வாக்ஸை உறிஞ்சும், விலையும் அதிகம். எக்ஸ்ட்ரூடட் வகை பேஸ் கொஞ்சம் மெதுவானது, ஆனால் கீறலை வீட்டிலேயே பிளாஸ்டிக் குச்சி உருக்கி அடைத்துவிடலாம், வாக்ஸ் இல்லாமலும் ஓரளவு ஓடும். ஸ்ட்ரீட்டில் கான்கிரீட்டிலும் துருப்பிடித்த இரும்பிலும் உரசப்போகிற போர்டுக்குப் பணத்தை சின்டர்டில் கொட்ட வேண்டாம். தடித்த எட்ஜ், காலடியில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் அடுக்கு போன்றவற்றுக்குக் கொடுங்கள்.

பைண்டிங்கில் நடக்கிற தவறு வேறு. மென்மையான போர்டு வாங்கி, பழைய விறைப்பான பைண்டிங்கையும் பூட்டையும் அதன்மேல் வைத்துவிடுவார்கள். காலுக்குக் கீழே போர்டு வளையாமல் செத்த இடமாகிவிடும். சிறு அசைவுக்கும் போர்டு பதறும். பைண்டிங்கின் அடித்தகடும் ஹைபேக்கும் (கணுக்காலுக்குப் பின்னால் நிற்கும் தகடு) கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாக இருந்தால்தான் போர்டின் மென்மை உங்கள் காலுக்கு வந்து சேரும். ஆனால் குதிகாலுக்கு அடியில் நல்ல மெத்தை இருக்கட்டும், தட்டைத் தரையில் இறங்கும் முழங்காலுக்கு அது வேண்டும்.

வாரண்டியும் பழைய போர்டும்

ரெயிலில் அடிபட்டு எட்ஜ் உடைந்தால் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. தயாரிப்புக் குறைக்குத்தான் பொறுப்பு. விதிமுறையை வாங்குவதற்கு முன்பே படியுங்கள்.

ஸ்ட்ரீட்டுக்குப் பழைய போர்டு வாங்குவது நல்ல யோசனைதான். கேம்பர் போர்டு என்றால் சமதளத்தில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்; நடுவில் இடைவெளியே இல்லையென்றால் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். மேல்தாள் எங்காவது உப்பியிருந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். பைண்டிங் திருகு பூட்டும் ஓட்டைகளில் ஒரு திருகைப் போட்டு எல்லாம் சுழலாமல் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். நோஸ், டெய்ல் முனைகளில் எட்ஜ் லேசாக நசுங்கியிருந்தால் பயமில்லை, பேரம் பேசலாம். கால் நிற்கிற இடத்துக்கு அருகே எட்ஜில் விரிசல் இருந்தால் மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரெயிலில் ஏறியதும் அந்த விரிசல் அகலமாகும், அதன் வழியாகத் தண்ணீர் மரக் கோருக்குள் இறங்கும்.