போலீஸ் கையில் நலாக்சோன்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாசசூசெட்ஸில் ஒரு சிறிய ஊரின் போலீஸ்காரர்களுக்கு ஐந்து வருடமாக நலாக்சோன் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் அளவு மீறி மூச்சு அடங்கியவருக்கு மூச்சைத் திரும்ப வரவைக்கும் மருந்து அது, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகக் கிடைக்கிறது. நான் அவசரப் பிரிவு நர்ஸ். பக்கத்து மாநிலத்தில் தன் ஊர் சுகாதாரக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தோழி ஒருத்தி, "எங்க ஊர் போலீஸுக்கும் இதை ஏற்பாடு பண்ணணும்க்கா, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபென்டனில், ஹெராயின் போன்ற ஓபியாய்டுகள் அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கிவிடும். அது நின்ற சில நிமிடங்களில் மூளை கெட ஆரம்பிக்கும். பல ஊர்களில் ரோந்து கார்தான் ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நிற்கிறது. எங்கள் மாநிலத்துக் குவின்சி நகரப் போலீஸ் 2010இலேயே ரோந்துக்குப் போகும் காவலர்கள் கையில் இந்த மூக்கு ஸ்ப்ரேயைக் கொடுத்துவிட்டது. உங்கள் போலீஸ் தலைவர் தயங்கினால் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதலில் காகித வேலை. உங்கள் மாநிலச் சட்டத்தை நகர வழக்கறிஞரிடம் கேளுங்கள். மேற்பார்வைக்கு ஒரு மருத்துவரைப் பிடியுங்கள். 2023 முதல் 4 மில்லிகிராம் நார்கான் (நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரேயின் ஒரு வணிகப் பெயர்) மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைப்பதால் இந்த வேலை முன்பைவிட எளிது.

வாங்கும்போது 8 மில்லிகிராம் ஸ்ப்ரேதான் சிறந்தது என்று விற்க வருவார்கள். நான் 4 மில்லிகிராமையே வாங்கச் சொல்வேன். நியூயார்க் மாநிலப் போலீஸ் 2022, 2023இல் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தது. பிழைத்தவர் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் 8 மில்லிகிராம் போடப்பட்டவர்கள் வாந்தி போன்ற, போதை திடீரென நிற்பதால் வரும் அவதிகளால் அதிகம் தவித்தார்கள். மிச்சமாகும் பணத்தில் ஆளுக்கொரு பாக்கெட் மாஸ்க் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் காவலர் வாய்வழி மூச்சு கொடுக்கத் தயங்குவார். தயங்கினால் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம், எங்கே வைப்பது? இதில்தான் நாங்கள் சறுக்கினோம். முதல் வருடம் எல்லாப் பெட்டிகளையும் கார் டிக்கியில் வைத்திருந்தோம். ஜனவரியில் ஒரு காலைப் பயிற்சிக்கு டிக்கியிலிருந்து ஒன்றை எடுத்து அழுத்தினேன், எதுவும் வரவில்லை. இரவுக் குளிரில் உறைந்து போயிருந்தது. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால் நார்கான் உறைந்துவிடும். அறை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்தால் இளகும், அதன்பின் பயன்படுத்தலாம். ஆனால் மூச்சு நின்றவருக்கு அந்த 15 நிமிடம் ஏது? கோடை வெயிலில் பூட்டிய காரும் ஆகாது. இப்போது ஒவ்வொருவரும் இடுப்புப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஷிப்ட் முடிந்தால் ஸ்டேஷன் அலமாரிக்குப் போய்விடும்.

பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் போதும், ஆனால் கையால் செய்து பார்க்க வேண்டும். மருந்தில்லாத பயிற்சி ஸ்ப்ரே தனியாகக் கிடைக்கிறது. நான் சொல்லித்தரும் வரிசை இது. தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அசைவில்லையா, விரல் முட்டியால் நெஞ்செலும்பை அழுத்தித் தேயுங்கள். உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறதா, குறட்டை போல ஒரு கரகரப்பு கேட்கிறதா என்று பாருங்கள். ரேடியோவில் ஆம்புலன்ஸ் கேளுங்கள். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். விரல்கள் மூக்கின் அடியைத் தொடும்வரை முனையை நுழைத்து, கட்டை விரலால் ஒரே அழுத்து. முன்னதாகக் காற்றில் அழுத்திச் சோதிக்கவே கூடாது, உள்ளே இருப்பது ஒரே ஒரு வேளை மருந்து. புதியவர்கள் பாதிப் பேர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். அதனால்தான் பயிற்சி ஸ்ப்ரே.

மருந்து போட்டதும் எழுந்து நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஐந்து வினாடிக்கு ஒருமுறை மாஸ்க் வழியாக மூச்சு கொடுங்கள். நாடித்துடிப்பே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் அடுத்த மூக்குத்துளையில் இரண்டாவது ஸ்ப்ரே. சைலசின் (விலங்குகளுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து) கலந்த சரக்காக இருந்தால் மூச்சு வந்தபிறகும் ஆள் விழிக்காமல் கிடக்கலாம். நமக்கு வேண்டியது மூச்சு, விழிப்பு அல்ல. வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

விழிப்பவர் நன்றி சொல்லமாட்டார். குமட்டலோடும் பயத்தோடும் எழுவார், திட்டவும் செய்யலாம். அப்போது சுற்றி நின்று அதட்டாதீர்கள். ஒருவர் மட்டும் குனிந்து, "மூச்சு நின்னுபோச்சு, மருந்து கொடுத்தோம், பக்கத்துலதான் இருக்கோம்" என்று சொன்னால் போதும். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் தாங்கும். பிறகு பழையபடி மூச்சு அடங்கலாம், அதனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மன்றாடியாவது சம்மதிக்க வையுங்கள்.

ஃபென்டனிலைத் தொட்டாலே செத்துவிடுவோம் என்ற பயம் காவலர்களிடம் நிறைய இருக்கிறது. தோலில் தற்செயலாகப் பட்டதால் அளவு மீறாது. கையுறை போதும், தண்ணீரில் கழுவினால் போதும். இதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பயந்த கை தாமதமாகத்தான் நீளும்.

கடைசியாக, பயன்படுத்திய ஸ்ப்ரேக்குப் பதில் புதியது அதே ஷிப்டில் கிடைக்க வேண்டும். எங்கள் அறிக்கைப் படிவத்தில் "மாற்றுப் பெட்டி எடுத்தாயிற்றா?" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதில் டிக் இல்லாமல் சார்ஜென்ட் கையெழுத்துப் போடுவதில்லை.