கோஸி மர்ம நாவல் எழுதலாம்: கொலையாளியிடமிருந்து தொடங்குங்கள்

கொலை திரைமறைவில் நடக்கும். ரத்தம் பக்கத்தில் தெறிக்காது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிறிய வட்டத்துக்குள், போலீஸ் வேலையில் இல்லாத ஒருவர் துப்பறிவார். கோஸி வகையின் இந்த இலக்கணம் தெரிந்தவர்கள்தான் இங்கே வந்திருப்பீர்கள். ஆகவே நேரே வேலைக்குப் போகிறேன். ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் 60,000 முதல் 80,000 சொற்களுக்குள் முடிந்துவிடும். முதல் முயற்சிக்குக் குறைந்த எண்ணே போதும்.

படி 1: கொலையாளியின் கதை

முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். கொலையைச் செய்தவர் யார், ஏன் செய்தார், பிறகு எதையெல்லாம் மறைத்தார் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். நோக்கம் பணமாகவோ மானமாகவோ பழைய பகையாகவோ இருக்கட்டும். சர்வதேசச் சதி இங்கே எடுபடாது.

படி 2: துப்பறிபவருக்கு ஒரு தொழில்

நடுத்தர வயது இந்த வகைக்குக் கிடைத்த வரம். இளைஞர் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் உஷாராகிவிடுவார். ஐம்பதைத் தாண்டியவர் கேட்டால் ஊர்வம்பு என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அந்த வயதை மூட்டுவலி நகைச்சுவைக்கு மட்டும் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்காது. பல வருடம் ஒரே வேலையைச் செய்த கண் அவருடையது, அதைப் பயன்படுத்துங்கள். உதாரணத்துக்கு 53 வயதுத் தையற்காரப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டுத் துணியும் அவர் கைக்கு வரும். போலீஸிடம் விட்டுவிடாமல் அவர் ஏன் தலையிட வேண்டும்? சந்தேகம் அவருடைய தங்கை மகன்மீது விழுந்திருக்கிறது. இந்தக் காரணம் பலமாக இல்லாவிட்டால் மற்ற எதுவும் நிற்காது.

படி 3: அட்டவணை

நாவல் எழுதுவதற்கென்றே விற்கும் மென்பொருள்களில் எழுதுவதைவிட அலங்கரிப்பதற்கே நேரம் போகிறது. ஓர் எக்செல் தாள் போதும். நேரம், உண்மையில் நடந்தது, அவரவர் சொல்வது, துப்பறிபவருக்கு எப்போது தெரிகிறது, வாசகருக்கு எப்போது தெரிகிறது என்று ஐந்து பத்திகள். கடைசி இரண்டும் முக்கியம். 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ட துப்பை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நாலாவது பத்திக்கும் ஐந்தாவது பத்திக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால் அந்த விதியை மீறுகிறீர்கள்.

படி 4: துப்பைப் புதைப்பது

நான் நெடுநாள் முட்டிக்கொண்டு நின்ற இடம் இது. துப்பைக் காட்டினால் வாசகர் கண்டுபிடித்துவிடுகிறார், காட்டாவிட்டால் ஏமாற்றிவிட்டதாகக் கோபப்படுகிறார். வழி இருக்கிறது. மூன்று பொருள்களை அடுக்கி, துப்பை நடுவில் வையுங்கள். மூன்றாவது பொருளில் கவனத்தை இழுக்கும் ஒரு வெடியை வையுங்கள். நம் தையற்காரப் பெண் செய்வதைப் பாருங்கள்:

“பாட்டு வாத்தியாரின் கோட்டை உதறினார். காலரில் சாக்பீஸ் தூள், குறுக்குத் தையல் போட்ட இரண்டாவது பொத்தான், பையில் கசங்கிய பஸ் டிக்கெட். டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அன்றைக்கு வீட்டைவிட்டு நகரவேயில்லை என்றாரே!”

வாசகர் டிக்கெட்டின் பின்னால் ஓடுவார். சில அத்தியாயங்கள் கழித்து, வாத்தியார் பேசாமல் பிரிந்த அக்காவை ரகசியமாகப் பார்க்கப் போனார் என்று அதற்கொரு நல்ல விளக்கம் கொடுங்கள். வாசகர் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரிடம் போவார். ஆனால் கொலையாளி வாத்தியார்தான். கொலையின்போது அறுந்து, பிறகு தைத்த அந்தப் பொத்தான் மட்டும் அப்படியே காத்திருக்கும். கொலை நடந்த அறையில் அறுந்த நூல் கிடைத்த செய்தியை அதற்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், நாலைந்து அத்தியாயம் தள்ளி வையுங்கள்.

படி 5: மற்றவர்கள்

சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர் போதும். கொலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொய்யை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கொலையாளி முதல் கால்பகுதிக்குள் வந்துவிட வேண்டும், வந்து ஏதாவது உதவியும் செய்தால் இன்னும் நல்லது.

படி 6: முடிச்சு அவிழ்வது

எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிப் பிரசங்கம் செய்யும் காட்சி எனக்கு அலுத்துவிட்டது. வாத்தியார் அந்தக் கோட்டை ஆல்டர் செய்யக் கொண்டுவரட்டும். அளவெடுத்துக்கொண்டே தையற்காரப் பெண் கேட்கட்டும். இரண்டு பேர், ஒரு இன்ச் டேப், போதும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்த இரண்டு சிக்கல்கள்

தையல் தெரியாத வாசகருக்குப் பொத்தான் விஷயம் எப்படிப் புரியும், இது நியாயமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தொழில் அறிவைக் கொலைக்கு முன்பே, வேறு சாக்கில் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் தன் கடையில் வேலை செய்யும் பெண்ணைத் தையற்காரப் பெண் கடிந்துகொள்ளட்டும்: “நாலு துளைப் பொத்தானை எல்லாம் ஒரே மாதிரி தையம்மா. நாலு இணைகோடாக இருந்து ஒன்று மட்டும் குறுக்கே போனால், அது பிறகு தைத்தது என்று குருடருக்கும் தெரியும்.” அந்தக் காட்சி கடைப் பெண்ணின் கல்யாணப் பேச்சைப் பற்றியதாக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கைபேசி இருப்பிடத்தை வைத்துப் போலீஸ் ஒரே நாளில் பிடித்துவிடாதா என்பது இன்னொருவரின் சந்தேகம். டவர் தகவல் தோராயமான பகுதியைத்தான் காட்டும். எல்லோரும் ஒரே பகுதியில் குடியிருந்தால் அது யாரையும் பிரித்துக் காட்டாது. கைபேசி இருந்த இடத்தில் அதன் சொந்தக்காரரும் இருந்தார் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஆனால் கதையில் யாராவது ஒருவர் இதைக் கேட்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் கேட்பார். அட்டவணையில் ஆறாவதாக ஒரு பத்தி சேர்த்து, கொலை நேரத்தில் ஒவ்வொருவரின் கைபேசியும் எங்கே இருந்தது என்று எழுதிவிடுங்கள்.